கோட்டிற்கு வெளியே நிற்பவர்கள்

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் பங்குத் திருவிழா என்றால் கொடியேற்றம், தேர்ப்பவனி ஆகியவற்றோடு கால்பந்துப் போட்டியும் சேர்ந்தே வரும். மணற்பரப்பில் கோல்கம்பம் நடாத கடற்கரை ஊர் அரிது. அத்தகைய ஊர் ஒன்றில் நான் பங்குத்தந்தையாகப் பணியாற்றியபோது, மாலை வேளைகளில் மைதானத்தின் தென்மூலையில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் செப்பனிட்டுக்கொண்டு அமர்ந்திருப்பார். இளமையில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். முழங்கால் ஒன்று வளையாது. பந்தாட்டத்தைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் அவருக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. இரண்டும் ஒன்றே என்பது அவருடைய துணிபு. கேட்பவர் ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார்.

“சாமி, அப்பன்மாரைப் பார்க்கணும்னா வீட்டுக்குப் போகாதீங்க. இந்தக் கோட்டுக்கு வெளியே நின்னு பாருங்க” என்பார்.

உண்மைதான். வீட்டில் ஒரு சொல்லும் பேசாத தந்தை, எல்லைக்கோட்டின் ஓரம் வந்து நின்றவுடன் ஆயிரம் சொல் பேசுவார். “வலப்பக்கம் கொடு! பின்னாலே பார்! அடி! அடிக்காதே!” மைதானத்தினுள் ஓடும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் பந்தைப் பார்ப்பானா, எதிராளியைப் பார்ப்பானா, அப்பாவின் வாயைப் பார்ப்பானா? பயிற்சியாளரின் வேலை விசில் ஊதுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது பெரியவரின் முதற்கொள்கை. ஊதியபின் கத்துகிறவர், தாம் முன்பு கற்பிக்காததை ஊரறியச் சொல்லிக்கொள்கிறார் என்பது அவருடைய விளக்கம்.

இரண்டாவது கொள்கையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தடுப்பாட்டத்தில் இரு முறைகள் உள்ளன. ஒன்று ஆளுக்கு ஆள் காவல். ஊரார் ‘மேன் மார்க்கிங்’ என்பர். எதிராளி எங்கே போனாலும் நிழல்போல் தொடர வேண்டும். மற்றொன்று இடக்காவல். ஆளைத் தொடராமல் நமக்கென ஒதுக்கப்பட்ட பரப்பைக் காத்து, அதனுள் யார் வந்தாலும் எதிர்கொள்ள வேண்டும். பிள்ளையை ஆளுக்கு ஆள் காவல் செய்கிற பெற்றோரைப் பெரியவருக்கு அறவே பிடிக்காது. எங்கே போனாய், யாரோடு பேசினாய், எத்தனை மதிப்பெண், எத்தனை மணிக்கு உறங்கினாய் என்று பின்தொடர்வது எதிராளிக்குச் செய்யும் மரியாதையாம். “நம்ம பிள்ளை நமக்கு எதிர் அணியா சாமி?” என்று கேட்பார். இடத்தைக் காத்தால் போதும், வீட்டைக் குடியும் சண்டையும் இல்லாத இடமாக வைத்தால் போதும், பிள்ளை அதனுள் தானாக ஆடிக்கொள்ளும் என்பது அவர் வாதம்.

இதைக் கேட்டபோது எனக்கு என் குருமட வாழ்வு நினைவுக்கு வந்தது. மணியடித்தால் எழுவதும் மணியடித்தால் உறங்குவதுமாகக் கழிந்த ஆண்டுகள் அவை. 1990-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை நாங்கள் அனுமதி பெற்று, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் பாய் விரித்துப் பார்த்தோம். இத்தாலியில் நடந்த அந்தப் போட்டியில் 52 ஆட்டங்களில் 115 கோல்களே விழுந்தன. ஆட்டத்திற்குச் சராசரியாக 2.21, உலகக் கோப்பை வரலாற்றிலேயே மிகக் குறைவு. முன்னிலை பெற்ற அணி பந்தைப் பின்னோக்கித் தன் கோல்காப்பாளருக்குத் தட்டிவிடும், அவர் கையில் எடுத்துக்கொள்வார், உருட்டிவிடுவார், மீண்டும் பின்னோக்கி வரும். அரைமணி நேரத்தை இப்படியே கழித்துவிடலாம். எங்களுள் பாதிப்பேர் உறங்கிப்போனோம்.

இதற்கு 1992-இல் ஒரு முடிவு கட்டினார்கள். தன் அணியினர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் தொடக்கூடாது என்று விதி வந்தது. தொடக்கத்தில் கோல்காப்பாளர்கள் பட்ட பாடு பரிதாபமானது. பந்து காலடிக்கு வர, எதிராளி பாய்ந்து வர, கையிருந்தும் பயனின்றித் தடுமாறினர். சில ஆண்டுகளில் அவர்களும் காலால் ஆடக் கற்றனர். இன்று கோல்காப்பாளர் தாக்குதலைத் தொடங்கிவைப்பவராகவே கருதப்படுகிறார்.

பெரியவருக்கு உலகச் சட்டங்களுள் மிகப் பிடித்தது இதுவே. பிள்ளை ஒரு சிக்கலோடு திரும்பி வரும்போதெல்லாம் தாய் அதைக் கையில் வாங்கிக்கொள்கிறாளாம். ஆசிரியரிடம் தாயே பேசுகிறாள். நண்பனோடு வந்த பிணக்கைத் தாயே தீர்க்கிறாள். வீட்டுப்பாடத்தைத் தாயே எழுதுகிறாள். “கையாலே எடுக்காதே, காலாலே ஆடட்டும்” என்று பெண்களிடமே அவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். மாதத்தில் இருபத்தைந்து நாள் கணவன் ஆழ்கடலில் இருக்கும் வீட்டில், கையால் எடுக்காமல் எப்படி வாழ்வது என்று அவரிடம் திருப்பிக் கேட்டவர் எவரும் இல்லை. நானும் கேட்கவில்லை.

நான் கேட்டது வேறு. இடக்காவலில் ஒரு பெருங்குறை உண்டு. ஆட்டம் தெரிந்த எவரும் அறிவர். இரண்டு பேருடைய இடங்கள் சந்திக்கும் எல்லையில் எதிராளி வந்து நின்றால், அவர் என்னுடையவர் அல்லர் என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள். பந்து வலைக்குள் போனபின் ஒருவரையொருவர் கைநீட்டிக் காட்டுவார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் இடையே அப்படி விழும் பிள்ளைகள் இல்லையா? இந்த வினாவை நான் புத்தகத்திலிருந்து எடுத்துக் கேட்கவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

2008-ஆம் ஆண்டுத் திருவிழாப் போட்டியின் சிறுவர் பிரிவு இறுதியாட்டம் சனிக்கிழமை மாலை நடந்தது. எங்கள் ஊர் அணியின் கோல்காப்பாளன் பதின்மூன்று வயதுச் சிறுவன், ஒல்லியானவன், அதிகம் பேசாதவன். அவன் தந்தை விசைப்படகில் ஆழ்கடலுக்குச் செல்பவர். திருவிழாவிற்காகக் கரை திரும்பியிருந்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. எதிரணிச் சிறுவன் ஒருவன் பந்தோடு முன்னேறினான். எங்கள் பையன் கோல்வாயில் சரியான இடத்தில்தான் நின்றான். கோட்டோரத்திலிருந்து தந்தையின் குரல் வெடித்தது: “வெளியே வா! வெளியே வாலே!” பையன் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். பிறகு முன்னே ஓடி வந்தான். பந்து அவன் தலைக்கு மேலாகச் சென்று காலியான கோலுக்குள் விழுந்தது.

சுழற்கோப்பை பக்கத்து ஊருக்குப் போயிற்று. ஊரார் முன்னிலையில் தந்தை அவனை அறைந்தார். சிறப்பு விருந்தினருக்கான நாற்காலியில் நான் அமர்ந்திருந்தேன், எழவில்லை. குடும்ப விவகாரம் என்று நினைத்தேனா, விழா கெட்டுவிடும் என்று நினைத்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை. மறுநாள் ஞாயிறு திருப்பலியில், விழிப்பாயிருத்தலைப் பற்றிய மறையுரையினிடையே, “நேற்று நம் கோல்வாசல் திறந்து கிடந்ததைப்போல உங்கள் வீட்டு வாசலையும் திறந்து போட்டுவிடாதீர்கள்” என்றேன். கோயில் முழுதும் சிரித்தது. பையன் மூன்றாம் வரிசையில் இருந்தான். அதன் பிறகு அவன் விளையாட வரவில்லை.

அவன் எங்கே போனான் என்பதை மூன்று மாதம் எவரும் கேட்கவில்லை என்பதே இதில் எனக்கு இன்றும் விளங்காத பகுதி. மைதானத்துக்குப் போகிறான் என்று தாய் நினைத்தாள். தனிப்பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டான் என்று பயிற்சியாளர் நினைத்தார். வகுப்பு நடத்திய ஆசிரியரோ, தந்தையோடு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்று எண்ணிக்கொண்டார். மறைக்கல்விப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே வராதவன் குறி வரிசையாக விழுந்திருக்கிறது; அதன் அடியில் ஒவ்வொரு மாதமும் கையொப்பமிட்டவன் நான். அவனுடைய அன்பியம் எதுவென்று கேட்டால் அன்று உடனே சொல்லியிருப்பேன். அவரவர் இடத்தை அவரவர் ஒழுங்காகவே காத்தோம்.

அவன் கல்லறைத் தோட்டத்தில் இருந்தான். மாலை ஐந்து மணிக்கு வந்து, பின்புறச் சுவரை ஒட்டிய ஒரு பழைய கல்லறைமேல் அமர்ந்து, இருட்டியதும் வீட்டுக்குப் போவானாம். எங்கள் உபதேசியார் ஒருநாள் கண்டார். அதட்டவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வழக்கமாக ஐந்தரைக்குப் பூட்டும் வாயிற்கதவை அதுமுதல் ஏழு மணிக்குப் பூட்டினார். தூரத்தில் ஓரிடத்தில் புல் செதுக்கிக்கொண்டிருப்பார். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துப் பையனே வந்து களைக்கொட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறான். புல் செதுக்கும்போதுதான் அவன் பேசினானாம். அதன்பின்னரே உபதேசியார் என் அறைக்கு வந்து, நான் கோயிலில் சொன்னதை எனக்கு நினைவூட்டினார்.

அந்த நாள்களில் நான் ஒரு மனிதரைப் பற்றி அடிக்கடி எண்ணினேன். 1950-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. பிரேசில் சமன் செய்தாலே உலகக் கோப்பை அதற்குத்தான். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஒரு கோல் போட்டு முன்னிலையும் பெற்றது. பிறகு உருகுவேயின் கிஜ்ஜா வலப்பக்கமாக ஓடிவந்து குறுக்கே தந்த பந்தை ஸ்கியாஃபினோ கோலாக்கினார். 79-ஆம் நிமிடத்தில் கிஜ்ஜா மீண்டும் அதே வழியில் வந்தார். முன்போலவே குறுக்கே தருவார் என்று கணித்த கோல்காப்பாளர் பார்போசா, அருகிலிருந்த கம்பத்தை விட்டு ஓரடி விலகினார். கிஜ்ஜா அந்த இடைவெளியிலேயே அடித்தார். 2-1. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் நிறைந்திருந்த அரங்கம் மௌனமாயிற்று.

பார்போசாவின் கணிப்பு தவறானதா? அதற்கு முந்தைய கோலைப் பார்த்த எவரும் அப்படித்தான் கணித்திருப்பார். நியாயமான காரணத்தோடு எடுத்த முடிவு விளைவால் பொய்த்துப்போவது வேறு, மடமை வேறு. அறவியல் வகுப்பில் செயலின் நோக்கம், சூழல், விளைவு என்று பிரித்துப் பிரித்துப் படித்தோம். பிரேசில் நாடு அப்படிப் பிரிக்கவில்லை. பார்போசாவும் அவரோடு கறுப்பினத்தவரான வேறு இரு தடுப்பாட்டக்காரர்களுமே பழியைச் சுமந்தனர். ஆண்டுகள் பல சென்றபின் ஒரு கடையில் ஒரு பெண் தன் மகனுக்கு அவரைச் சுட்டிக்காட்டி, பிரேசில் முழுவதையும் அழவைத்த ஆள் இவர்தான் என்று கூறியதை அவரே பின்னாளில் வேதனையோடு சொல்லியிருக்கிறார். தம் நாட்டில் அதிகபட்சத் தண்டனை முப்பது ஆண்டுகளே, தாமோ ஐம்பது ஆண்டு அனுபவித்ததாகவும் சொன்னார். 2000-இல் இறந்தார்.

அந்தத் தாயை நான் எளிதில் மறப்பதில்லை. பார்போசாவின் துயரத்தைவிட அவள் மகன் அன்று கற்றது என்ன என்பதே என்னை அச்சுறுத்துகிறது. ஒருவன் செய்த ஒரு பிழையே அவனுடைய பெயராகிவிடலாம் என்பதை அவன் கற்றான். என் மறையுரையைக் கேட்டுச் சிரித்த சிறுவர்களும் அதையே கற்றிருக்க வேண்டும்.

விளையாட்டைப் பற்றி நம் மரபில் சிந்தித்தவர்கள் இல்லாமலில்லை. அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகுப்பில், விளையாட்டைக் குறித்து ஒரு நற்பண்பு இருக்க முடியுமா என்றே ஒரு வினா எழுப்பி, உண்டு என்று விடை கூறுகிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடியதைக் கண்டு இடறல்பட்டவர்களைப் பற்றிய பழங்கதை ஒன்றையும் அங்கே எடுத்தாள்கிறார். வில் வைத்திருந்த ஒருவனை யோவான் தொடர்ந்து அம்பெய்யச் சொல்லி, இப்படியே எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறார். வில் முறிந்துவிடும் என்கிறான் அவன். ஆனால் விளையாடுகிறவனைச் சுற்றி நிற்பவர்களுக்கும் ஒரு நற்பண்பு வேண்டும் என்பதை நான் தொன் போஸ்கோவிடமே கண்டேன். 1884 மே மாதம் அவர் ரோமையிலிருந்து தூரினில் இருந்த தம் இல்லத்தாருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு விளையாட்டுத் திடல்களை வருணிக்கிறார். பழைய திடலில் பெரியவர்கள் சிறுவர்களோடு ஓடியாடுகிறார்கள். புதிய திடலில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு உலாவுகிறார்கள், அல்லது தூர நின்று கண்காணிக்கிறார்கள். சிறுவர்கள் சுவரோரம் சோர்ந்து கிடக்கிறார்கள். அவர்களை அன்பு செய்தால் மட்டும் போதாது, அன்பு செய்யப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்று வற்புறுத்துகிறார்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் வலைக்கண்ணையே பார்த்திருந்துவிட்டு, “அவரு உள்ளே போய் ஆடினாரு. கோட்டிலே நின்னு கத்தலியே” என்றார். பிறகு தம் கொள்கையைத் தாமே திருத்திக்கொண்டார். வாதத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

திருத்தம் இத்தாலியிலிருந்து வந்தது. 1960-களில் ஹெலெனியோ ஹெரேராவின் பயிற்சியில் இன்டர் மிலான் அணி ஆடிய தடுப்பாட்டத்தைக் ‘கத்தெனாச்சியோ’ என்பர்; தாழ்ப்பாள் என்று பொருள். 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பை அவர்களுக்கே. ஹெரேரா கண்டிப்புக்குப் பெயர்போனவர். ஆட்டத்திற்கு முன் வீரர்களை வீட்டிலிருந்து பிரித்து ஒதுக்குப்புறமான இடத்தில் அடைத்து, உணவையும் உறக்கத்தையும் மேற்பார்வை செய்வார். (எங்கள் குருமட அதிபருக்கு அவரை மிகவும் பிடித்திருக்கும்.) 1967 மே 25 அன்று லிஸ்பனில் அவர்களை ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி 2-1 என்று வென்றது. செல்டிக் என்பது கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதி ஏழைக் குழந்தைகளின் பசிதீர்க்க நிதி திரட்டவென்று, 1887-இல் மரிஸ்ட் துறவியான சகோதரர் வால்ஃபிரிட் கோயில் மண்டபம் ஒன்றில் தொடங்கிய சங்கம். அன்று ஆடிய பதினொருவரும் தங்கள் மைதானத்திலிருந்து ஏறத்தாழ முப்பது மைல் வட்டத்திற்குள் பிறந்தவர்கள். தாழ்ப்பாளை ஊர்ப்பிள்ளைகள் உடைத்தார்கள் என்று நான் உற்சாகத்தோடு முடித்தேன்.

பெரியவர் ஒப்பவில்லை. தாழ்ப்பாளைக் குறைகூறுகிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் என்றார். அந்த முறையில் தடுப்பாட்டக்காரர்களுக்கெல்லாம் பின்னால் ஒருவர் நிற்பார். இன்டரில் அவர் பெயர் பிக்கி. அவர் எந்த ஆளையும் தொடர்வதில்லை. தனக்கென ஓர் இடமும் இல்லை. முன்னால் இருப்பவர் யாராவது தவறினால் அந்த இடத்துக்குப் போவதே அவர் வேலை. இத்தாலியர் அவரை ‘லிபரோ’ என்பர். சுதந்திரமானவர் என்று பொருள். அவர் பின்னால் நிற்கிறார் என்ற துணிவில்தான் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரரான ஃபாக்கெத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு முன்னேறிப் போக முடிந்தது. 1965 அரையிறுதியில் லிவர்பூல் அணிக்கெதிராக முதல் ஆட்டத்தில் 3-1 என்று தோற்று, மிலானில் 3-0 என்று திருப்பிக் கொடுத்தபோது மூன்றாவது கோல் அந்தத் தடுப்பாட்டக்காரருடையது.

“அப்பன் நிற்க வேண்டிய இடம் அதுதான் சாமி. கோட்டோரம் இல்லை. பின்னாலே.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் தம் இளமைக்கால இடப்பக்கத்தைப் பற்றிய பெருமிதமும் கலந்திருந்தது.

எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பின்னால் நிற்பவர் பிழை நேர்ந்தபின்னரே வருகிறார். சில பிழைகள் நேர்ந்தபின் வந்து பயனில்லை. கடலருகே வாழும் தாய்க்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நீந்தத் தெரியாத குழந்தையின் பின்னால் எவளும் நிதானமாக நிற்கமாட்டாள். மேலும், மாதத்தில் ஐந்து நாள் மட்டுமே கரையிலிருக்கும் தந்தை எங்கே நிற்பார்? அந்த ஐந்து நாளில் முப்பது நாள் தந்தையாக இருந்து தீர்க்க வேண்டும் என்று தவிப்பவர், கோட்டோரம் வந்து கத்துவதைத் தவிர வேறென்ன செய்வார்? அன்று அறைந்த கையைப் பற்றி நான் பிற்பாடு அவரிடம் பேச முயன்றேன். “அவன் தோத்துட்டான்னு அடிக்கல சாமி, எல்லாரும் பார்த்துட்டாங்கன்னு அடிச்சேன்” என்றார். மறுவாரம் படகில் போய்விட்டார். அவரைக் குற்றவாளியாக்கி இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனமில்லை. சொல்லப்போனால், எங்கள் எல்லாருக்கும் பின்னால் நின்றவர் உபதேசியார் ஒருவர்தான். அவருக்குப் பந்தாட்டம் தெரியாது.

அண்மையில் திருவிழாவிற்காக அந்த ஊருக்குப் போயிருந்தேன். உபதேசியார் இப்போது இல்லை. பையன் வளைகுடா நாடொன்றில் வேலை செய்கிறான், விடுமுறையில் வந்திருந்தான். நான்கு வயதில் ஒரு மகன். கோயில் முற்றத்தில் அவனைத் தனியே அழைத்து, அன்று மறையுரையில் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

“நீங்க சொன்னது ஞாபகம் இல்ல சாமி. அன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிவரைக்கும் வாசல்லே உட்கார்ந்திருந்தேன். கூட ஆடினவங்க யாரும் வரல. அதுதான் ஞாபகம் இருக்கு.”

நான் மைதானத்துக்கு நடந்தேன். பெரியவர் அதே மூலையில், இப்போது பிளாஸ்டிக் நாற்காலியில், பேரனின் கைப்பேசியில் ஏதோ பழைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கூறியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், தலையை நிமிர்த்தவில்லை. சற்றுப் பொறுத்து, “அவன் மகன் எந்தக் காலாலே அடிக்கான்?” என்று கேட்டார்.